நெளிகோடு போட்ட பைல்கள்

சொன்னதை மட்டும் செய்கிற ஆளால் வருகிற நட்டம் பெரிது. சொல்லுக் கேளாதவன் என்றால் பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ளலாம். சொல்லுக் கேட்கிறவனை நம்பி எல்லாரும் தங்கள் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள்.

நான் இரண்டாவது வகை. பேர் பேரின்பம். படிப்பு ஆறாம் வகுப்பு, அதுவும் பாதி. கதைக்கிறது குறைவு. (மனிசி சொல்வாள்: "உங்களோட சண்டை பிடிக்கிறதும் மதிலோட சண்டை பிடிக்கிறதும் ஒண்டு. மதில் எண்டா நிழலாவது தரும்.")

கடலுக்கும் வாவிக்கும் நடுவே ஒரு மணல் துண்டில் எங்கள் வீடு இருந்தது. வாவியில் இறால் பிடித்தேன். சுனாமியில் வீடு போனது, தோணி போனது, வலை போனது. மனிசியும் மகளும் அன்றைக்குச் செங்கலடியில் சொந்தக்காரர் வீட்டில் நின்றார்கள். நான் தென்னையில் நின்றேன். மூன்று பேரும் மிச்சம். அதற்கு மேல் கேட்பது பேராசை.

முகாமில் எட்டு மாதம் இருந்தோம். பிறகு செங்கலடிக்கே வந்துவிட்டோம். சந்திக்குக் கிட்ட ஒரு அச்சுக்கடை. கலியாணக் கார்ட், கோயில் நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி எல்லாம் அடிப்பார்கள். முதலாளி தவம் அண்ணன் என் கையைப் பார்த்தார். "இந்தக் கை நல்லா வெட்டும்" என்றார். கடதாசி வெட்டுகிற மெசினில் விட்டார். நாலு வருசம் வெட்டினேன். விரல் பத்தும் இருக்கின்றன.

கடையில் ஒரே ஒரு கொம்பியூட்டர். அதில் டிசைன் செய்கிறவர் ஏறாவூர் நிசார் நானா. மெல்லிய மனிசன். சத்தம் போட மாட்டார். வேலை இல்லாத நேரத்தில் எனக்கும் கொஞ்சம் காட்டித் தந்தார். எப்படித் திறக்கிறது, எப்படி மூடுகிறது, எப்படி அழிக்கிறது. முதல் இரண்டும் எனக்குச் சரியாக வரவில்லை. மூன்றாவது வந்தது.

அந்தக் காலத்தில் கரண்ட் எப்போது போகும் என்று கரண்டுக்கே தெரியாது. ஜெனரேட்டரை இழுத்து மூட்டுவதற்குள் கொம்பியூட்டர் செத்துவிடும். டிசைன் சொப்ட்வெயார் சாகும்போது கையில் இருந்ததைக் கீழே போட்டுவிட்டுப் போகுமாம். அதற்குப் பேர் தற்காலிக பைல். மறுபடி கரண்ட் வந்தாலும் அதைப் பொறுக்க யாரும் வருவதில்லை. அது அங்கேயே கிடக்கும். (தற்காலிகம் என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். முகாமில் எங்கள் கொட்டிலிலும் அப்படித்தான் எழுதியிருந்தது.)

நாட்டில் சண்டை முடிந்த வருசம். நிசார் நானா ஒரு கிழமை லீவில் காத்தான்குடிக்குப் போனார். அது அவருடைய மனிசியின் ஊர். மச்சினிச்சிக்குக் கலியாணம். அவர் போன இரண்டாம் நாள் கொம்பியூட்டர் இடமில்லை என்று அறிவித்தல் காட்டியது. நோட்டீஸ் ஒன்று அவசரம். கோயில்காரர்கள் வாசலில் நின்றார்கள்.

"நானாக்கு போன் எடுப்பமா அண்ணன்?" என்று கேட்டேன்.

"கலியாண வீட்டில நிக்கிற மனிசனக் குழப்பக் கூடாது" என்றார் தவம் அண்ணன்.

எங்கள் ஊரில் எல்லா நாசமும் இந்த மாதிரி ஒரு மரியாதையில்தான் தொடங்கும்.

டவுனில் கொம்பியூட்டர் திருத்துகிற யோகனுக்கு எடுத்தார். யோகன் சொல்லச் சொல்ல, மிஞ்சிக் கிடந்த ஒரு கலியாணக் கார்ட்டில் எழுதினார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"இஞ்ச பார் இன்பம். டிசைன் சொப்ட்வெயார் விட்ட குப்பைதான் இடத்தைப் பிடிச்சிக் கிடக்காம். அந்தக் குப்பைட பேருக்கு முன்னால இந்தக் குறி இருக்குமாம்."

~ என்று வரைந்திருந்தது.

"என்ன அண்ணன் இது?"

"நெளிகோடு."

"நெளிகோடு போட்டதெல்லாத்தையும் அழிக்கிறதா?"

"எல்லாத்தையும்."

பைலின் பேர் எந்த எழுத்துக்களில் முடிய வேண்டும், எந்தப் போல்டரில் பார்க்க வேண்டும் என்றும் யோகன் சொல்லியிருக்கிறார். அது கார்ட்டில் இல்லை. மாமன்மாருடைய பேர்களும் பட்டங்களும் அடித்தது போக அவ்வளவு இடம்தான் மிஞ்சியிருந்தது.

நான் கொம்பியூட்டருக்கு முன்னால் கதிரையில் இருந்தேன். எனக்கு அந்தக் குறி மண்புழு மாதிரித் தெரிந்தது. தூண்டிலில் குத்துகிற புழு. தேடுகிற பெட்டியில் அந்தப் புழுவை அடித்தேன். (அந்த ஒரு புழுவை எழுத்துப் பலகையில் கண்டுபிடிக்கக் கால் மணித்தியாலம்.) ஒரு பட்டியல் வந்தது. ஒவ்வொரு பேருக்கும் முன்னால் ஒரு புழு. பேர் இங்கிலீசில். நான் வாசிக்கவில்லை. குப்பையை வாசித்துப் பார்த்துக் கூட்டுகிறவன் யார்?

எல்லாத்தையும் பிடித்து அழித்தேன். குப்பைத் தொட்டியையும் கவிழ்த்தேன். கூட்டினால் வாசலில் குவித்துவைக்கிற பழக்கம் எனக்கு இல்லை. பிறகு யோகன் சொன்ன இன்னொரு வேலையையும் ஓடவிட்டேன். அதில் சின்னச் சின்னக் கட்டங்கள் நிறம் மாறி மாறி ஓடும். மேட்டில் நின்று வட்டையைப் பார்க்கிற மாதிரி, ஒரு வயல் பச்சையாகும், ஒரு வயல் வெறுமையாகும். அழகு. அன்று பின்னேரம் முழுக்கப் பார்த்தேன். அழித்த இடத்தின் மேல் மற்ற எல்லாவற்றையும் கொண்டுவந்து இருத்துகிற வேலை அது என்று பிறகுதான் அறிந்தேன்.

கோயில் நோட்டீஸ் அச்சுக்குப் போனது. "கொம்பியூட்டர் இப்ப பறக்குது" என்றார் தவம் அண்ணன். பறக்கவில்லை. அவர் மனதுக்கு அப்படி.

வீட்டில் சொன்னேன்.

"இண்டைக்குக் கொம்பியூட்டரத் துப்பரவாக்கின."

"அப்ப நாளைக்குக் கோழிக்கூடு" என்றாள் மனிசி.

நிசார் நானா செவ்வாய்க்கிழமை திரும்பி வந்தார். கலியாண வீட்டு வட்டிலப்பம் கொண்டுவந்தார். நான் இரண்டு துண்டு சாப்பிட்டேன். மூன்றாவது துண்டு கையில் இருக்கும்போது கொம்பியூட்டருக்கு முன்னால் இருந்து கேட்டார்.

"தம்பி, இதில முன்னுக்கு அலை போட்ட பைலெல்லாம் கிடந்த. எங்க?"

"அலையா?"

விரலால் மேசையில் வரைந்து காட்டினார். புழு.

"அழிச்சாச்சு நானா."

"குப்பைத் தொட்டிக்க கிடக்கும்தானே."

"கவிட்டாச்சு."

"மறுகா?"

"மறுகா அந்தக் கட்டம் கட்டமா ஓடுறதையும் ஓட விட்டன்."

அவர் கதிரையை என் பக்கம் திருப்பினார். கதைக்காமல் இருப்பதில் அன்றைக்கு அவர் என்னை வென்றார்.

"அது குப்பையில்ல தம்பி" என்றார் கடைசியில். "அது ஆக்கள்."

சுனாமி முடிந்த கிழமைகளில் சனம் இந்தக் கடைக்கு வந்திருக்கிறது. வீட்டில் இருந்த படமெல்லாம் கடலோடு போய்விட்டது. எப்போதோ கார்ட் அடிக்கக் குடுத்த படம் கொம்பியூட்டரில் இருக்குமா என்று கேட்டிருக்கிறார்கள். நிசார் நானா பழைய வேலைகளைத் திறந்து, போனவர்களுடைய முகங்களை மட்டும் வெட்டி எடுத்து, பேர் போட்டு வைத்தார். மற்ற பைல்களோடு கலந்துவிடக் கூடாது என்று பேருக்கு முன்னால் ஒரு அலை போட்டார். வந்தவர்களுக்கு அடித்துக் குடுத்தார். வராதவர்களுக்காக வைத்திருந்தார். பழைய வேலைகளை இடம் போதாமல் பிறகு அழித்துவிட்டார். யாரிடமும் சொல்லவில்லை. பார்த்தால் விளங்கும்தானே என்று நினைத்தாராம். அதுவும் கடற்கரையில் இருந்து வந்த எனக்கு.

எனக்குப் புழுதான் விளங்கியது. அலையைக் கண்டு தென்னையில் ஏறினவன் நான். அதே அலை எழுத்தில் வந்தபோது அடையாளம் தெரியவில்லை.

அந்த நேரம் தவம் அண்ணன் உள்ளே வந்தார். "நானா, கல்குடாப் பக்கம் இருந்த பாக்கியம் அக்கா போன் எடுத்தவ. வியாழக்கிழமை வாறாவாம். மகள்ட படம் எடுக்க" என்றார்.

நான் வட்டிலப்பத்தைத் திரும்பத் தட்டில் வைத்தேன்.

பாக்கியம் அக்காவின் மகள் சுகந்தி. பெரியபிள்ளையானபோது கார்ட் எங்கள் கடையில்தான் அடித்தது. நான் வேலைக்கு வர முந்தி. அடித்து ஆறு மாதத்தில் அலை வந்தது. மகளும் போனாள், அக்காவின் மனிசனும் போனார். இரண்டு வயது மகன் ஒருவன் மிச்சம். முகாமில் நிசார் நானா அக்காவைக் கண்டு, பிள்ளையின் படம் என்னிடம் பத்திரமாகக் கிடக்கு, எப்போது வேண்டும் என்றாலும் வாங்க என்று சொல்லியிருக்கிறார். அதற்குள் சண்டை. அக்கா ஒரு முகாமில் இருந்து இன்னொரு முகாம், அங்கிருந்து வாகரைப் பக்கம். இப்போது கல்வீடு ஒன்று கிடைத்திருக்கிறது. வெள்ளிக்கிழமை குடிபுகுகிறார். சுவரில் பிள்ளையை வைத்துவிட்டுத்தான் பால் காய்ச்சுவேன் என்று போனில் சொன்னாராம்.

செவ்வாய் பின்னேரம் முழுக்க நான் ஓடினேன். பழைய கார்ட் ஒன்றாவது கிடைக்காதா என்று. கடையில் வெட்டி எறிகிற கடதாசி எல்லாம் வடைக்காரருக்குப் போகும். சந்தியில் அவருடைய கடதாசிக் கட்டை அவிழ்த்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன்.

"என்னடாப்பா தேடுறாய்?" என்றார் வடைக்காரர்.

"அஞ்சு வருசத்துக்கு முந்தின கார்ட்."

"நான் விக்கிறது வடை. ஊறுகாய் இல்ல."

புதன் காலை நிசார் நானா யோகனுக்கு எடுத்தார். போனை எனக்கும் கேட்கிற மாதிரி வைத்தார். நான் செய்ததை எல்லாம் யோகன் கேட்டார். பிறகு சொன்னார்: "சொப்ட்வெயார் குப்பை போடுறது அங்க இல்ல. அது மறைச்சு வைச்ச போல்டர். தேடினாலும் பட்டியலில வராது. இப்ப நான் சொல்லுற மாதிரித் திறங்க."

திறந்தோம். நூற்றுக்கணக்கில் கிடந்தன. முன்னால் அதே புழு, பிறகு பேர் இல்லை. எல்லாம் இலக்கம். கொம்பியூட்டர் வாங்கின நாளில் இருந்து கரண்ட் போன ஒவ்வொரு தரமும் சொப்ட்வெயார் கீழே போட்டது எல்லாம் ஒன்றும் குறையாமல் இருந்தது.

"நீங்க குப்பையைத் தொடவே இல்லையே அண்ணன்" என்றார் யோகன். "குப்பைய விட்டுப்போட்டு மற்றதத்தான் கூட்டியிருக்கிறீங்க."

என் வாழ்க்கையில் ஒருவர் என்னைத் திட்டும்போது சந்தோசப்பட்டது அப்போதுதான்.

பேரின் கடைசி எழுத்துக்களை மாற்றினால் சிலது திறக்கும், சிலது திறக்காது என்றார் யோகன். நிசார் நானா ஒவ்வொன்றாக மாற்றித் திறந்தார். நான் பக்கத்தில் இருந்து கொப்பியில் ஒன்றுக்கு ஒரு கோடு போட்டேன். மாப்பிள்ளை இல்லாத கலியாணக் கார்ட் வந்தது. தலை இல்லாத அம்மன் வந்தது. தவம் அண்ணன் தேர்தலில் நிற்க நினைத்து யாருக்கும் சொல்லாமல் அடிக்கப் பார்த்த நோட்டீஸ் ஒன்றும் வந்தது. (நானா அதை மூடினார். நான் காணவில்லை.) இடையில் மூன்று தரம் கரண்ட் போனது. அதனால் இன்னும் மூன்று குப்பை கூடியது.

இருள முந்தி முகங்கள் வரத் தொடங்கின. அலைக்குப் பிறகு நானா படம் வெட்டிக்கொண்டிருந்த நாட்களிலும் கரண்ட் போயிருக்கிறது. ஒரு கிழவர் வந்தார். பள்ளிக்கூடச் சட்டையோடு இரண்டு பிள்ளைகள் வந்தார்கள். ஒவ்வொரு முகத்துக்கும் நானா "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். நான் ஒரு கோடு போட்டேன்.

சுகந்தி வரவில்லை.

வியாழன் காலை ஒன்பது மணிக்குப் பாக்கியம் அக்கா வந்துவிட்டா. முதல் பஸ். கையில் சட்டம் போடக் கண்ணாடியும் கொண்டுவந்தா. தவம் அண்ணன் என்னை மெசினடியில் இருந்து இழுத்தார். "நானா தேடிக்கொண்டிருக்கார். நீ போய்க் கொஞ்ச நேரம் கதை குடுத்து வைச்சிரு" என்றார். ஊரில் கதைக்கத் தெரிந்த எத்தனையோ பேர் இருக்கிறார்கள்.

பிளேன்ரீ ஒன்று குடுத்தேன். எதிரில் இருந்தேன்.

"மழை இல்ல" என்றேன்.

"ஓம்" என்றா.

அத்தோடு என் கதை முடிந்தது. பிறகு அவ கேட்டா.

"படம் கிடக்குத்தானே மனே?"

தவம் அண்ணன் சொல்லிவிட்டது கதை குடுக்க. பொய் குடுக்கச் சொல்லவில்லை. நான் சொன்னதை மட்டும் செய்கிறவன்.

"நான் அழிச்சிட்டன் அக்கா."

உள்ளே தவம் அண்ணனுடைய கையில் இருந்து ஏதோ விழுந்தது.

அக்கா கோப்பையை வைத்தா. "வேணுமெண்டா?"

"இல்ல. குப்பை எண்டு நினைச்சு."

"ஆர் சொன்ன குப்பை எண்டு?"

"சொன்னவங்க. நான் பார்த்திருக்க வேணும். பார்க்கல்ல."

என்னைக் கொஞ்சம் பார்த்தா. "உனக்கு எந்த ஊர்?"

சொன்னேன்.

"அங்க முழுக்கப் போனதே. உனக்கு?"

"வீடும் தோணியும்."

"ஆக்கள்?"

"இருக்கிறாங்க."

"அப்ப நல்லம்" என்றா. கோபமாகச் சொல்லவில்லை. உண்மையாகவே நல்லம் என்றுதான் சொன்னா. பிறகு கண்ணாடியை மடியில் வைத்துக்கொண்டு, "தேடு போ. நான் இருக்கன்" என்றா.

நான் தேடப் போனேன். அவ இருந்தா. தவம் அண்ணன் சோற்றுப் பார்சல் எடுப்பித்தார். அக்கா சாப்பிடவில்லை. இரண்டரை மணி இருக்கும். நானா கடைசிப் பத்துப் பைலில் ஒன்றைத் திறந்தார். மெதுவாக மேலே இருந்து கீழே வந்தது. முதலில் ஒரு தென்னோலை வேலி. பிறகு ஒரு நெற்றி. பிறகு இரண்டு பின்னல்.

"அக்கா" என்று கூப்பிட்டார் நானா. அது வாசலுக்குக் கேட்கவில்லை. நான் போய்க் கூப்பிட்டேன்.

அக்கா வந்து நின்றா. கொம்பியூட்டரைத் தொடவில்லை. கை இரண்டையும் சேலையில் துடைத்துக்கொண்டு நின்றா.

அது நானா வெட்டி வைத்த படம் இல்லை. சாமத்தியக் கார்ட்டுக்கு முதன்முதலாகப் படத்தைக் கொண்டுவந்து வைத்த அன்றைக்கு உள்ளது. பின்னால் இருக்கிறதை வெட்ட முந்தியே கரண்ட் போயிருக்கிறது. அதனால் வேலியும் கிடந்தது, கொடியில் உடுப்பும் கிடந்தது, ஒரு கோழியும் நின்றது. பிள்ளைக்குப் பின்னால் ஒரு ஆளும் நின்றார். சாரத்தை மடித்துக் கட்டி, தோளில் வலையோடு போகிற போக்கில் படத்துக்குள் வந்துவிட்டவர். கமராவைத் திரும்பிப் பார்க்கிறார். இரண்டு கண்ணும் மூடியிருந்தது.

நானா அவசரமாகச் சொன்னார்: "யோசிக்காதீங்க அக்கா. பின்னால நிக்கிற ஆளை எடுத்துப்போட்டு, கோழியையும் எடுத்து, பழையபடி துப்பரவாக்கித் தாறன். அரை மணித்தியாலம்."

"எடுக்காதீங்க" என்றா அக்கா. "அது என்ட மனிசன்."

நானா எழுத்துப் பலகையில் இருந்து கையை எடுத்தார்.

"இவர்ட படம் ஒண்டும் என்னட்ட இல்ல" என்றா. "அடையாள அட்டையும் அவரோட போன. என்ட பொடியனுக்கு இவர்ட முகம் தெரியாது."

நானாவுக்கு அது தெரியாது. அவர் வெட்டினபோது அது பின்னால் நிற்கிற ஒரு ஆள். அவ்வளவுதான்.

ஏதாவது சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. "கண்ண மூடிட்டார்" என்றேன்.

"கலியாணப் படத்திலயும் மூடிக்கிட்டுத்தான் நிண்டவர்" என்றா. சிரித்தா. சிரித்துக்கொண்டே அழுதா. பிறகு முகத்தைத் துடைத்துவிட்டு நானாவைப் பார்த்துக் கண்டிப்பாகச் சொன்னா: "ஒண்டையும் துப்பரவாக்க வேணாம். கோழியும் நிக்கட்டும்."

படத்தை அடித்து என்னிடம் தந்தார்கள், வெட்ட. நாலு வருசமாகக் கட்டுக் கட்டாக வெட்டினவன். அந்த ஒரு தாளுக்கு மூன்று தரம் அளவு பார்த்தேன். ஓரத்தில் ஒரு நூல் அளவுகூடக் குறையவில்லை.

எல்லாரும் திரும்பி வரவில்லை. ஏழு முகம் கிடைக்கவே இல்லை. அந்த ஏழு பேரையும் நானா ஒரு தாளில் எழுதி வைத்தார். இன்றுவரை அவர்களைக் கேட்டு யாரும் வரவில்லை. வந்தால் நான்தான் முன்னால் போய்ச் சொல்ல வேண்டும் என்று கேட்டு வாங்கியிருக்கிறேன்.

என்னை வேலையால் நிற்பாட்டவில்லை. நானா ஒரு நாளும் அதைச் சொல்லிக் காட்டவில்லை. தவம் அண்ணன் அரைப் பிழை தன்னுடையது என்று ஒத்துக்கொண்டார். (அவர் ஒத்துக்கொண்ட ஒரே அரைப் பிழை.) இவர்களுக்கு நான் நன்றி என்று வாயால் சொன்னதில்லை. இப்போது எழுத்தில் சொல்கிறேன். அந்தப் பழைய நாட்களில் கரண்டை நிற்பாட்டினவர் யார் என்று தெரியாது. அவருக்கும் நன்றி.

வீட்டில் இன்றைக்கும் எது காணாமல் போனாலும், செருப்போ சீப்போ, மகள் முதலில் கேட்பது "அப்பா துப்பரவாக்கினவரா?" என்றுதான்.

பாக்கியம் அக்கா வருசா வருசம் திவசத்துக்கு எங்களைக் கூப்பிடுவா. நானா, தவம் அண்ணன், நான், மனிசி, மகள் எல்லாரும் போவோம். புதிதாக யாராவது சாப்பாட்டுச் சபையில் இருந்தால் அக்காவுக்குப் பிடிக்கும். என்னைக் கொண்டுபோய் முன்னால் நிறுத்துவா.

"இவர்தான் என்ட பிள்ளைய அழிச்ச ஆள்."

கேட்டவர்கள் முகம் மாறும். சோற்றில் இருந்த கை நிற்கும். அக்கா உடனே விளக்கம் சொல்ல மாட்டா. என் இலையில் இன்னொரு அகப்பை பாயாசம் போட்டுவிட்டு, தண்ணீர் எடுத்துவர உள்ளே போய்விடுவா. எல்லாரும் என்னைப் பார்ப்பார்கள், நான் ஏதாவது சொல்வேன் என்று.

நான் பாயாசத்தைக் குடிப்பேன்.